கத்தரி படாத முடி

தன் மகளின் கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருந்தபோது அக்கா போனில் கூப்பிட்டாள். என் முடியைச் சரிசெய்ய மார்த்தாண்டத்தில் ஒரு பியூட்டி பார்லரில் நேரம் கேட்டு வைத்திருப்பதாகச் சொன்னாள். அதற்கு முந்தைய ஒன்றரை ஆண்டில் என் முடியைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

“வியாழக்கிழமை காலம்பற பத்து மணிக்கு வந்திரு மக்கா. அவிய மஸ்கட்ல பன்னெண்டு வருசம் இதே வேலைதான் பாத்துருக்காவ. உனக்க முகத்துக்குத் தக்க செஞ்சு தருவாவ.”

“இப்ப எதுக்குக்கா?”

“கல்யாணம் வருதுல்லா. நல்லா இருக்கண்டாமா?”

நான் நாகர்கோவிலில் ஒரு நாளிதழில் பதினான்கு ஆண்டுகளாகத் துணை ஆசிரியராக இருக்கிறேன். மற்றவர்கள் எழுதி அனுப்பும் செய்தியில் பொருந்தாத இடத்தைத் தேடுவது என் வேலை. அக்காவின் அழைப்பில் அப்படிப்பட்ட இடங்கள் இரண்டு இருந்தன. ஒன்று, அந்த நீண்ட மௌனம். மற்றொன்று, எட்டு நாள் முன்பு நான் அவள் மகளுக்கு மூன்று புகைப்படங்கள் அனுப்பி, எந்த முடிவெட்டு எனக்குப் பொருந்தும் என்று கேட்டிருந்தேன். நெற்றியில் முடி விழும் படத்தைத் தேர்ந்தெடுத்து அவள் பதில் போட்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் அக்காவுக்கு என் முகத்தின் மேல் அக்கறை வந்திருக்கிறது.

நான் பிறந்தபோது ஆண் குழந்தை என்று பதிந்தார்கள். முப்பத்தாறு வயதில், நான் பெண் என்று அக்காவிடம் சொன்னேன். அப்பாவும் அம்மாவும் அப்போது இல்லை. அவள் என்னைவிட ஒன்பது வயது மூத்தவள், மார்த்தாண்டத்தில் கட்டிக்கொடுத்தவள். அழவும் இல்லை, திட்டவும் இல்லை. “சரி, உடம்பப் பாத்துக்கோ” என்றாள். அன்றோடு என்னை ‘ஏலே’ என்று கூப்பிடுவதை நிறுத்தி ‘மக்கா’ என்று மாற்றிக்கொண்டாள். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும் சொல் அது. ஆதாரம் உறுதியாகாத செய்தியில் நாங்கள் ‘எனக் கூறப்படுகிறது’ என்று சேர்ப்போம். அக்காவின் ‘மக்கா’ எனக்கு அப்படித்தான் கேட்டது. அவள் மகளும் எந்த உறவுச் சொல்லும் இல்லாமல் எனக்குச் செய்தி அனுப்பக் கற்றுக்கொண்டிருந்தாள்.

திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவரிடம் போய்வந்தேன். மாத்திரையால் தோல் மாறியது, உடம்பு மெல்ல மாறியது. தாடியை லேசரில் எடுத்தார்கள். முடி கொட்டுவது நின்றது. ஆனால் போன முடி திரும்பவில்லை. நெற்றியின் இரு ஓரங்களிலும் அது பின்வாங்கியிருந்தது. மேஜையில் இருந்த எஃகு அளவுகோலை வைத்துப் பார்த்தேன். வலப்பக்கம் இரண்டரை சென்டிமீட்டர், இடப்பக்கம் மூன்று. பார்ப்பவர் கண் முதலில் அங்கேதான் போகும், பிறகு தாடைக்கு வரும், அதற்குள் முடிவு செய்துவிடுவார்கள். நடுவகிடு எடுத்தால் ஓரங்கள் அகலமாகத் தெரிந்தன. இழுத்துப் பின்னினால் இன்னும் மோசம். ஒவ்வொன்றையும் படம் எடுத்து, முதல் பக்கத்துக்குப் படம் தேர்வதுபோல் வரிசையாகப் போட்டுப் பார்த்து, எல்லாவற்றையும் நிராகரித்தேன்.

மயிலாடியில் எங்கள் வீட்டைச் சுற்றியிருந்தவர்கள் இதில் எதையும் பார்க்கவில்லை. அவர்கள் பார்த்தது வேறு.

எங்கள் குடும்பம் அய்யாவழி. தாங்கல் என்னும் எங்கள் வழிபாட்டு இடத்தில் ஞாயிற்றுக்கிழமை பணிவிடை நடக்கும். ஆண்கள் சட்டையைக் கழற்றி, தலைப்பாகை கட்டி உள்ளே போய் நெற்றியில் நாமம் இட்டுக்கொள்வார்கள். பணிவிடை செய்யும் பெரியவர் முடி வளர்த்து உச்சியில் கொண்டை போட்டிருப்பவர். அதனால் ஆணின் தலையில் நீளமான முடியைப் பார்த்தால் எங்கள் ஊரில் யாரும் சிரிப்பதில்லை. என் முடி தோளைத் தொட்டபோது அவர் என்னை நிறுத்திக் கேட்டார்.

“முடி நேர்ச்சையா தம்பி?”

கத்தரி படாமல் வளர்ப்பதாக அய்யாவிடம் நேர்ந்துகொண்ட முடியா என்று கேட்கிறார். முப்பது ஆண்டுகளாக என்னை ‘லே’ என்று கூப்பிட்டவர் அன்றுதான் ‘தம்பி’ என்றார். நான் “ஆமா” என்று சொன்னேன்.

அதன் பிறகு ஊரே அந்தச் செய்தியை எழுதி முடித்துக்கொண்டது. நான் சட்டையைக் கழற்ற முடியாமல் வெளியிலேயே நின்று கும்பிட்டால் அது பணிவு. தொளதொளவென்று ஜிப்பா போட்டால் அது பற்றற்ற நிலை. டீக்கடையில் ஒருவர் சந்தேகப்பட்டார்.

“நேர்ச்சைன்னா தாடியுமில்லா வளக்கணும்? மூஞ்சி மொழுமொழுன்னு இருக்கு?”

“அவனுக்க அப்பனுக்கும் தாடி கட்டையாக்கும். நீரு சும்ம இரும்வே,” என்று அடுத்தவர் அடக்கினார். என் அப்பாவுக்கு நல்ல அடர்த்தியான தாடி.

இந்தத் தவறை நான் ஓர் ஆண்டுக்கு மேல் திருத்தவில்லை. வசதியாக இருந்தது. கேலி வரவேண்டிய இடத்தில் மரியாதை வந்தது. எனக்குக் கீழே வேலை செய்யும் நிருபர் இப்படி ஒரு பொய்யைத் தெரிந்தே விட்டிருந்தால் நான் அவரைச் சும்மா விட்டிருக்கமாட்டேன்.

அக்கா மகளின் கல்யாணம் உறுதியானபோது ஒரு கேள்வி வந்தது. எங்கள் குடும்பங்களில் பெண்ணைக் கைப்பிடித்து மணவறைக்குக் கூட்டிவருவது தாய்மாமன். தலைப்பாகை கட்டியிருக்க வேண்டும். அக்காவுக்கு உடன்பிறந்தது நான் ஒருத்திதான். அந்தக் கல்யாணத்தில் நான் மாமனாக நிற்பேனா, சித்தியாக நிற்பேனா என்பதை நாங்கள் இருவரும் பேசவே இல்லை. பேசாமல் இருந்தால் அவள் எதை எடுத்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும். நான் பேசாமல் இருந்தேன்.

வியாழக்கிழமை போனேன். ஒரு பேன்சி கடையின் மாடியில் பார்லர். மூன்று நாற்காலிகள், ஒரு திரை, மருதாணிப் பொடியும் சூடான முடியும் கலந்த வாடை. எங்களைத் தவிர யாரும் இல்லை. அந்த நேரத்துக்கு வேறு யாரையும் வைக்க வேண்டாம் என்று அக்கா சொல்லியிருந்தாள். எனக்கு வசதியாக இருக்கட்டும் என்று சொன்னாளாம். யாரும் பார்க்க வேண்டாம் என்று சொன்னாளோ என்ற சந்தேகத்தையும் நான் குறித்துக்கொண்டேன்.

பார்லர் அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். பச்சை நிற மேலங்கி, கழுத்தில் சங்கிலியில் மாட்டிய கண்ணாடி. என்னை உட்காரவைத்து, முடியை விரித்து, நுனியைப் பார்த்து, வேரைப் பார்த்தார். பிறகு முதல் கேள்வியை அக்காவிடம் கேட்டார்.

“நீளம் குறைக்கண்டா, இல்லியாக்கா?”

“வேண்டாம், வேண்டாம். நீளம் இருக்கட்டு.”

என் முடியை இரண்டு கையாலும் வாரி, உச்சிக்குக் கொண்டுபோய், முறுக்கி, கிளிப் போட்டார். “இப்படி மேல தூக்கிக் கெட்டினா முகத்துக்கு ஒரு எடுப்பு வரும் பாத்தீங்களா.”

“நானும் இதத்தான் நெனச்சேன்,” என்றாள் அக்கா. கண்ணாடியைப் பார்க்காமலே சொன்னாள்.

கண்ணாடியில் என் நெற்றியின் இரண்டு ஓரங்களும் வெளிச்சத்தில் பளபளத்தன. எதை மறைக்க நான் வந்தேனோ அதை மட்டும் தனியாக எடுத்துக் காட்டும் கொண்டை அது. பன்னிரண்டு ஆண்டு இந்த வேலை செய்தவருக்கு இது தெரியாமல் இருக்காது. அப்படியென்றால் அந்த யோசனை நாற்காலியில் இருப்பவருக்காகச் சொன்னது அல்ல. உச்சியில், இறுக்கமாக, வெட்டாத முடியில் ஒரு கொண்டை. அதன் மேல் என்ன உட்காரும் என்று யோசித்தேன். அதிக நேரம் ஆகவில்லை.

“இது தலைப்பாகைக்கா?” என்று கண்ணாடியிலிருந்த அக்காவைக் கேட்டேன்.

“எது?”

“இந்தக் கொண்டை.”

“எல்லாத்துலயும் ஒரு குத்தம் கண்டுபிடி. பேப்பர் ஆபீஸ் புத்தி.”

“கல்யாணக் கார்டு ஏன் எனக்கு வரல்ல?”

எங்கள் சொந்தத்தில் எந்த அழைப்பிதழ் அச்சுக்குப் போனாலும் பிழை பார்க்க என்னிடம்தான் வரும். காதுகுத்தோ வீட்டுப் பால்காய்ப்போ, எதுவானாலும். இது மட்டும் வரவில்லை.

அக்கா மடியிலிருந்த பையைச் சரிசெய்தாள். பார்லர் அம்மா சீப்பைக் கழுவப் போனார். கழுவிய சீப்பு அது.

“அடிக்கக் குடுத்தாச்சு,” என்றாள் அக்கா. “தாய்மாமன்னு உனக்க பேரு போட்டிருக்கு. பழைய பேரு. பின்ன என்னத்தப் போட?”

“எங்கிட்ட கேட்டியா?”

“கேட்டா நீ என்ன சொல்லுவன்னு எனக்குத் தெரியாதா? ஒரு மணிக்கூர், மக்கா. அவளுக்க கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து மணவறைல விடணும், அவ்வளவுதான். பிறகு நீ உனக்க இஷ்டம்போல இரி, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். மாப்பிள்ள வீட்டு ஆளுவ ஒரு மாதிரி. மாமன் எங்கன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்ல? என்னையா சொல்லுவாவ? நாளைக்கு அவளையில்லா குத்துவாவ.”

“அவியகிட்ட இப்ப என்ன சொல்லி வச்சிருக்க?”

“அய்யாவுக்கு நேர்ச்ச, முடி வளக்கான்னு சொன்னேன்.”

“பொய்யில்லா அது.”

“ஏலே, அது எனக்க பொய்யா? மயிலாடி முழுக்கச் சொன்னது ஆரு? நீ சொன்னத நான் எடுத்துச் சொன்னேன், அவ்வளவுதான்.”

‘ஏலே’ என்று வந்ததும் வாயை மூடிக்கொண்டாள். குழாயடியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

அந்தச் செய்தி புறப்பட்ட இடமே நான்தான். ஓர் ஆண்டுக்கு மேல் ஊருக்குச் சும்மா கொடுத்ததை, அக்காவுக்கு ஒரு மணி நேரம் கொடுக்க முடியாதா என்பது நியாயமான கேள்வி. சரி என்று சொல்லும் இடத்துக்கு நான் வந்துவிட்டேன். அப்போது ஆல்பம் நினைவுக்கு வந்தது. தாய்மாமன் பெண்ணைக் கூட்டிவரும் படம் இல்லாத கல்யாண ஆல்பம் கிடையாது. அதைப் பெரிதாக்கி வீட்டில் மாட்டுவார்கள். அவள் பிள்ளைகளுக்குக் காட்டுவாள். வாழ்நாளெல்லாம் அச்சில் வந்த படங்களோடு இருப்பவள் நான். ஒரு படம் எவ்வளவு நேரம் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அக்கா கேட்டது ஒரு மணி நேரம் இல்லை.

கிளிப்பை நானே கழற்றினேன்.

“முன்னால வெட்டுங்க,” என்றேன் பார்லர் அம்மாவிடம்.

“ஃபிளிக்ஸா? நெத்தில விழுகது போலயா?”

“ஆமா. ரெண்டு ஓரமும் மூடணும்.”

அவர் அக்காவைப் பார்த்தார்.

“வெட்டாதீங்க,” என்றாள் அக்கா. “நேர்ச்ச முடில கத்தரி படப்பிடாது.”

அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் அது பொய் என்று தெரியும். பலரிடம் சொல்லிச் சொல்லி அவளுக்கே பாதி உண்மையாகிவிட்டதோ என்னவோ.

“நேர்ச்ச ஒண்ணும் இல்ல,” என்றேன். அந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை.

பார்லர் அம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார். “முடி ஆருக்க தலைல இருக்கோ அவியதான் சொல்லணும். அதாக்கும் எனக்க கணக்கு. சொல்லுங்க, புருவத்துக்கு மேலயா, கீழயா?”

“கீழ.”

தண்ணீர் தெளித்து, நெற்றிக்கு மேலே முக்கோணமாக முடியைப் பிரித்தார். இடப்பக்க ஓரம் அதிகம் போயிருப்பதை நான் சொல்லாமலே கண்டுபிடித்து, வகிட்டை வலப்பக்கம் மாற்றினார். இரண்டு விரலுக்கிடையே பிடித்து, கத்தரியை நிமிர்த்திப் பிடித்து, நுனியில் சின்னச் சின்னதாகக் கொத்தினார். நடுவில் குட்டை, ஓரம் போகப்போக நீளம். மூக்கின் மேல் முடித்தூள் விழுந்தது.

“கொண்ட உங்களுக்குச் சேராது,” என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். “அக்கா நேத்தே விளிச்சுச் சொன்னதுனால சொல்லிட்டேன். மனசுல வைக்காதீங்க.”

அக்கா பின்னாலிருந்து கடைசியாக ஒன்று கேட்டாள். “நெத்திய மூடிட்டா நாமம் எங்க போட?”

“ஒதுக்கிட்டுத்தான் போடணும்,” என்றார் பார்லர் அம்மா. சிரிக்காமல் சொன்னார்.

அழகாக இருந்தது என்று நான் எழுதமாட்டேன். ஓரங்கள் தெரியவில்லை. முகத்தின் நீளம் ஒரு விரலளவு குறைந்தது. பார்வை முதலில் கண்ணில் வந்து நின்றது. தாடைக்குப் போகச் சற்று நேரம் எடுத்தது. அந்தச் சற்று நேரம்தான் எனக்கு வேண்டியிருந்தது. அக்கா முதலில் படியிறங்கினாள். பேருந்து நிறுத்தம் வரை எனக்கு இரண்டடி முன்னால் நடந்தாள். வருகிறேன் என்றதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை தாங்கலில் பெரியவர் என் நெற்றியைப் பார்த்தார்.

“கத்தரி பட்டுட்டே?”

“நேர்ச்ச இல்ல பெரியப்பா. நான் அன்னிக்குப் பொய் சொன்னேன்.” நான் பெண் என்பதை இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். மூன்றாவது வாக்கியத்தை அவர் கேட்கவில்லை.

“மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா,” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அடுத்த வாரத்திலிருந்து அவர் என்னை ‘தம்பி’ என்றும் கூப்பிடவில்லை, ‘லே’ என்றும் கூப்பிடவில்லை. டீக்கடையில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் போனால் பேச்சு நின்றது. மரியாதை எப்படி ஒரே நாளில் வந்ததோ அப்படியே போனது.

மூன்று வாரம் அக்கா கூப்பிடவில்லை. பிறகு கல்யாணக் கார்டு கூரியரில் வந்தது. உறைமேல் என் புதிய பெயர் எழுதியிருந்தது; அவள் மகளின் கையெழுத்து. உள்ளே தாய்மாமன் என்ற வரி இல்லை. சித்தி என்றும் எந்த வரியும் இல்லை. உறவினர் பெயர்கள் இருந்த இடத்தில் மட்டும் வரிகளுக்கிடையே இடைவெளி கூடுதலாக இருந்தது. ஒரு வரியை எடுத்துவிட்டு, அந்தப் பள்ளம் தெரியாமல் மற்ற வரிகளைத் தளர்த்தினால் பக்கம் இப்படித்தான் இருக்கும். நானே நூறு முறை செய்த வேலை. என்னை மாமன் இடத்திலிருந்து எடுத்துவிட்டாள். வேறு எங்கும் வைக்கவில்லை.

போகாமல் இருந்துவிடலாம் என்று இரண்டு நாள் நினைத்தேன். பிறகு மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுப் புடவை எடுத்தேன். முன்முடியை மறுபடி ஒருமுறை நுனி வெட்டிக்கொண்டேன். இந்த முறை நாகர்கோவிலில், தனியாக.

மண்டபத்தில் எங்கள் அப்பாவின் அண்ணன் மகன் தலைப்பாகை கட்டிக்கொண்டு பெண்ணைக் கூட்டிவந்தார். அடிக்கொருதரம் தலைப்பாகையைத் தொட்டுச் சரிசெய்தபடி வந்தார். நான் பெண்கள் பக்கம், நான்காவது வரிசையில் ஓரமாக நின்றேன். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள், ஒருத்தி இன்னொருத்தியின் காதில் ஏதோ சொன்னாள். எத்தனை பேர் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன், அது பழைய பழக்கம்.

தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையின் அத்தை அக்காவிடம் வந்தார். எனக்கு மூன்று அடி தள்ளி நின்றார்கள்.

“சொந்த மாமன் ஒருத்தர் உண்டுன்னு சொன்னியளே? பேப்பர் ஆபீஸ்ல. முடி நேர்ச்சன்னு சொன்னியளே, அவரு வரல்லியா?”

அக்கா கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தை அடுத்த கைக்கு மாற்றினாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். உடம்புக்குச் சரியில்லை. வெளியூர் வேலை. இரண்டில் ஒன்று.

“நேர்ச்ச ஒண்ணும் இல்ல மைனி,” என்றாள் அக்கா. “எனக்குத் தம்பி கிடையாது. தங்கச்சியாக்கும். அந்தா நிக்கா பாருங்க.”

அவள் மனம் மாறிச் சொன்னாளா, நான் புடவையோடு மூன்றடி தூரத்தில் நிற்கும்போது வேறு எதுவும் சொல்ல முடியாமல் சொன்னாளா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. இரண்டுக்கும் சாட்சியம் இருக்கிறது.

அத்தை என்னைப் பார்த்தார். புடவை, கழுத்து, கடைசியில் நெற்றி. அங்கே அவர் பார்வை கொஞ்ச நேரம் நின்றது.

“முடி கொள்ளாம்,” என்றார். நன்றாக இருக்கிறதாம்; நான் நம்பவில்லை. பிறகு அவர், “இது எங்க வெட்டினது? எனக்க மவளுக்கும் நெத்தி கொஞ்சம் ஏறிப்போயிருக்கு,” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

“இஞ்ச மார்த்தாண்டத்துலதான் மைனி. நல்ல கைராசிக்காரி, மஸ்கட்ல இருந்தவ. நான்தான் கூட்டிட்டுப் போனேன். நேரம்கூட நான்தான் கேட்டு வாங்கினேன். வெட்டி முடிக்க வரைக்கும் பக்கத்துலயே இருந்தேன்.”

நான் ஒவ்வொரு வாக்கியமாகச் சரிபார்த்தேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.